வாசனை 'இரை' இல்லை, ஆனால் பெர்மிட் வேண்டும்

"அலாஸ்காவில் வாசனைப் பொருள் இரைக் கணக்கில் வராது, அதனால் கரடி வேட்டைக்கு அனுமதியே இல்லாமல் தாராளமாகப் பயன்படுத்தலாம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். (இரை என்றால் கரடியை வரவழைக்க வைக்கும் தீனி; வாசனைப் பொருள் என்றால் மணத்தால் மட்டும் அதை ஈர்ப்பது.) முதல் பாதி சரிதான். அலாஸ்கா விதிகளில் இரை என்பதன் வரையறையே வாசனைப் பொருளை விலக்கித்தான் தொடங்குகிறது. அந்த ஒரு வரியோடு படிப்பதை நிறுத்தியதால் வந்த வினை இது. கரடிக்கு இரை வைப்பதற்கான பெர்மிட் விதியைத் திறந்து பாருங்கள், தலைப்பிலேயே "இரை அல்லது வாசனைப் பொருள்" என்று இரண்டையும் சேர்த்தே போட்டிருக்கிறார்கள். அதாவது சோம்பு எண்ணெய் தடவிய துணியைத் தொங்கவிட்டாலும் பதிவு செய்த இடமாக இருக்க வேண்டும். பொதுச் சாலை, நடைபாதை, அலாஸ்கா ரயில் பாதை இவற்றிலிருந்து கால் மைலுக்குள் கூடாது. வீடு, பள்ளி, முகாம் மைதானம் என்றால் ஒரு மைல். எச்சரிக்கைப் பலகை வைக்க வேண்டும். பயன்படுத்துவது மக்கக்கூடியதாக இருக்க வேண்டும், வேட்டை முடிந்ததும் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வர வேண்டும். (குப்பையை அப்படியே விட்டுவிட்டு வருபவர்களால்தான் மற்றவர்களுக்கும் கெட்ட பெயர்.)

இன்னொன்று, அலாஸ்கா விதியை வைத்து "அமெரிக்காவில் இப்படித்தான்" என்று சொல்லாதீர்கள். கொலராடோவில் 1992 வாக்கெடுப்பிலும், ஓரிகனில் 1994-லும், வாஷிங்டன் மாநிலத்தில் 1996-லும் கரடிக்கு இரை வைப்பதைத் தடை செய்துவிட்டார்கள். மெய்ன் மாநிலத்தில் 2004, 2014 என இரண்டு முறை தடை கேட்டு வாக்கெடுப்பு நடந்தது, இரண்டு முறையும் தோற்றது. எந்த மாநிலம் என்று சொல்லாமல் விதி பேசுவதில் அர்த்தமில்லை.