ஏர்பேக்கை எண்ணினா மட்டும் போதுமா?

கார் வாங்கப் போறவங்க இப்பல்லாம் மைலேஜோட "எத்தனை ஏர்பேக்?"னும் கேட்கிறாங்க. சந்தோஷம்தான். ஆனா அந்தக் கேள்வியோட நின்னுடறதுதான் எனக்கு உறுத்துது.

2014 ஜனவரியில குளோபல் என்கேப்ங்கிற அமைப்பு, காரை மோத விட்டு பாதுகாப்புக்கு அஞ்சு வரைக்கும் ஸ்டார் கொடுக்கறவங்க, நம்ம சின்னக் கார்கள் அஞ்சை மோத விட்டுப் பார்த்தாங்க. ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ. ஏர்பேக் இல்லாத அஞ்சுமே பூஜ்ய ஸ்டார். ஏர்பேக் வெச்ச போலோவை மறுபடி மோதினப்போ நாலு ஸ்டார். அப்ப எல்லாக் காருக்கும் ஏர்பேக் போட்டுட்டா முடிஞ்சுதானேன்னு தோணும். ஆனா அதே வருஷம் நம்ம ஒரகடத்துல தயாரான டட்சன் கோவையும் மோதினாங்க. ஆள் உட்கார்ற கூடே மடிஞ்சு போச்சு. இதுல ஏர்பேக் வெச்சும் பிரயோஜனமில்லைன்னே சொல்லிட்டாங்க.

அதனால கிராஷ் டெஸ்ட் வீடியோ பார்த்தா பலூன் விரியறதை மட்டும் பார்க்காதீங்க. 64 கி.மீ. வேகத்துல டிரைவர் பக்க முன்பாதி மோதும். பானெட் அப்பளமா நொறுங்கும். நொறுங்கணும், மோதின விசையை அதுதான் வாங்கிக்குது. வீடியோவை அங்க நிறுத்திட்டு, கண்ணாடி ஓரத்துல மேலேறிப் போற தூணையும் முன்கதவையும் பாருங்க. தூண் வளைஞ்சு கதவுச் சட்டம் கோணிக்கிச்சுன்னா டிரைவர் உட்கார்ற இடமே சுருங்குதுன்னு அர்த்தம். ஷோரூம்ல கதவைத் தட்டி "நல்ல கனம்"னு தலையாட்டற மாமாக்களுக்கு இது தெரியவே தெரியாது. அவங்க தட்டறது வெளித்தகடு.

மாருதி பலேனோ ஒரு நல்ல உதாரணம். 2025-ல நம்ம நாட்டு கிராஷ் டெஸ்டான பாரத் என்கேப்ல, பெரியவங்க பாதுகாப்புக்கு ஆறு ஏர்பேக் பலேனோ 32 மார்க்குக்கு 26.52, ரெண்டு ஏர்பேக் பலேனோ 24.04. ரெண்டுக்கும் நாலு ஸ்டார்தான். ஆறு வேண்டாம்னு சொல்லலை, பக்கவாட்டு மோதல்ல தலையைக் காப்பாத்தறது ஜன்னலோரமா திரை மாதிரி இறங்கற கர்ட்டன் ஏர்பேக்தான். நாலு ஏர்பேக் கூடினதுக்கு கிடைச்ச வித்தியாசம் அவ்வளவுதான்னு சொல்றேன்.

டெஸ்ட் நடந்த வருஷத்தையும் பாருங்க. குளோபல் என்கேப்ல மாருதி ஸ்விஃப்ட் 2018-ல ரெண்டு ஸ்டார், 2022-ல ஒண்ணு. காரணம், நடுவுல விதிகள் இறுகிப் போச்சு. பழைய அஞ்சு ஸ்டாரையும் புது அஞ்சு ஸ்டாரையும் ஒரே தட்டுல வைக்க முடியாது. "மாருதின்னாலே டப்பா"ன்னு பேசறவங்களுக்கும் ஒரு சேதி: 2024-ல புது டிசையர் அந்த இறுகின விதியிலயே அஞ்சு ஸ்டார் வாங்கிடுச்சு.

குழந்தைகளுக்குன்னு தனி ஸ்டார் இருக்கு, அதை யாரும் கேட்கறதே இல்லை. அதே பலேனோவுக்கு அதுல மூணுதான். அந்த மார்க்கும் சைல்டு சீட்ல பொம்மையைக் கட்டி வெச்சு வாங்கினது. நாம பாப்பாவை முன்சீட்ல மடியில வெச்சுக்கிட்டு போறோம். ஏர்பேக் விரிஞ்சா முதல் அடி அந்தத் தலைக்குத்தான்.

இன்னொரு கூத்து, பெல்ட் போடாமலே பீப் சத்தத்தை நிறுத்தற கிளிப். 2023-ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் அதை விற்கக் கூடாதுன்னு ஆன்லைன் கடைகளுக்கு உத்தரவே போட வேண்டியிருந்தது. வாங்கி வெச்சிருக்கறவங்க இன்னிக்கே கழட்டி எறிஞ்சிடுங்க.