வளர்கிற பிள்ளைக்கு எத்தனை இன்ச்?

(கோவில்பட்டியில் ஒரு தையற்கடை. கழுத்தில் இன்ச் டேப்போடு செல்லையா. எதிரே ஸ்டூலில் அவர் மனைவியின் தம்பி முத்து. கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருப்பவர். செல்லையாவின் மகள் செல்விக்குத் திருநெல்வேலியில் இன்ஜினியரிங் சீட் கிடைத்திருக்கிறது. தினமும் பஸ்ஸில் போய் வரப்போகிறாள். பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று, சந்தோஷ மிகுதியில் முத்து எல்லார் முன்னாலும் வாயை விட்டிருந்தார்: “மருமகளுக்கு லேப்டாப் என் செலவு.” தாய்மாமன்கள் மாட்டிக்கொள்வது எப்போதும் இப்படித்தான்.)

செல்லையா: வா மாப்பிள்ளை. நேற்று ஒரு கடையில் லேப்டாப் பார்த்தேன். பட்டப்பகலில் ஏமாற்றுகிறான்.

முத்து: என்ன ஆச்சு அத்தான்?

செல்லையா: 15.6 இன்ச் என்று அட்டையில் போட்டிருக்கிறான். டேப்பை வைத்தேன். 13.6தான் இருக்கிறது. சுளையாக இரண்டு இன்ச்! நான் ஒரு சட்டையில் இரண்டு இன்ச் குறைத்தால் சும்மா விடுவார்களா?

முத்து: அகலத்தை அளந்தீர்களா?

செல்லையா: பின்னே?

முத்து: திரையை மூலைக்கு மூலை, குறுக்காக அளக்க வேண்டும் அத்தான். டிவிக்கும் இதே கணக்குதான். கடைக்காரரிடம் சண்டை போடவில்லையே?

செல்லையா: டேப்பை மட்டும் காட்டினேன். அவர் தண்ணீர் குடிக்கப் போனார், திரும்பி வரவே இல்லை. அது சரி, குறுக்கே அளந்தால் எதுவும் நீளமாகத்தானே வரும்? இந்தக் கடை பத்துக்குப் பத்து. உன் கணக்கில் பதினாலு அடிக் கடையா?

முத்து: ஆமாம்.

செல்லையா: மெதுவாகப் பேசு, ஓனர் மாடியில்தான் இருக்கிறார். எப்படியோ போகட்டும். அங்கே 17 இன்ச்சில் ஒன்று வைத்திருந்தான். அதையே எடுத்துவிடுவோம்.

முத்து: 17 எதற்கு?

செல்லையா: வளர்கிற பிள்ளை, நாலு வருஷம் வர வேண்டாமா? ஆறாம் வகுப்பு சேரும்போது யூனிஃபார்மை இரண்டு இன்ச் பெரிதாகத் தைத்தேன். எட்டாம் வகுப்பு வரை போட்டாள்.

முத்து: ஆறாம் வகுப்பு முழுக்க அவள் கை வெளியே தெரியவில்லை, அதையும் சொல்லுங்கள். அத்தான், இனிமேல் செல்வி வளரப்போவதில்லை. வளரப்போவது சாஃப்ட்வேர். பெரியவனுக்கு அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப் எங்கே?

செல்லையா: அதோ, நூல் பெட்டிக்கு அடியில்.

முத்து: திரையில் ஒரு கீறல்கூட இல்லை. ஏன் ஓரங்கட்டினீர்கள்?

செல்லையா: அது ஆன் ஆவதற்குள் ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்து முடித்துவிடுகிறேன்.

முத்து: பார்த்தீர்களா? திரை போதாமல் ஓரங்கட்டவில்லை. வேகம் போதவில்லை. நாலு வருஷம் வர வேண்டுமென்றால் ரேமைப் பாருங்கள். ஓடுகிற சாஃப்ட்வேரையெல்லாம் லேப்டாப் விரித்து வைத்துக்கொள்கிற இடம் அது. 8 ஜிபி போட்ட மாடல் வாங்கினால், உள்ளே இன்னொரு ரேம் மாட்ட இடம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருந்தால் மூன்றாம் வருஷம் 16 ஆக்கிக்கொள்ளலாம்.

செல்லையா: ஓரத்தில் துணி விட்டுத் தைத்திருக்கிறானா என்று பார்க்கச் சொல்கிறாய். பிறகு பிரித்துவிட்டுக்கொள்ளலாம்.

முத்து: அதேதான்! ஆனால் மெல்லிசான மாடல்கள் நிறையவற்றில் ரேமைப் போர்டிலேயே பற்றவைத்துவிடுகிறான். அப்புறம் மாற்றவே முடியாது.

செல்லையா: ஓரத்தை ஒட்ட வெட்டிவிட்டான். படுபாவி.

முத்து: அப்படிப்பட்டதில் முதலிலேயே 16 ஜிபி இருப்பதை எடுத்துவிட வேண்டும்.

செல்லையா: சரி, உள்ளே விஷயம் புரிந்தது. வெளியே 17 இன்ச் இருந்தால் உனக்கு என்ன?

முத்து: எனக்கு ஒன்றும் இல்லை, அவள் தோளுக்குத்தான். நீங்கள் பார்த்தது கேமிங் ரகமாக இருக்கும். அதுவே இரண்டரைக் கிலோவைத் தாண்டும். சார்ஜர் தனியாக அரைக் கிலோ. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒரு கிலோ. அதற்கு மேல் அக்கா கட்டிக் கொடுக்கிற டிபன் பாக்ஸ்.

செல்லையா: உன் அக்கா கட்டுவது டிபன் பாக்ஸ் இல்லை, பந்தி.

முத்து: உங்கள் இஸ்திரிப் பெட்டியை ஒரு பையில் போட்டு முதுகில் மாட்டிக்கொள்ளுங்கள். காலை எட்டு மணி திருநெல்வேலி பஸ்ஸில் நின்றுகொண்டே போய் வாருங்கள். வந்ததும் 17 இன்ச் பற்றிப் பேசலாம்.

செல்லையா: (இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கீழே வைக்கிறார்) அப்படியென்றால் 15.6?

முத்து: அதுவும் 1.7 கிலோ பக்கம் வரும். மேசையிலேயே வைத்துப் படிக்கிற பிள்ளைக்கு நன்றாக இருக்கும். ஆனால் பெரும்பாலும் வலது ஓரத்தில் எண்களுக்கென்று தனியாகப் பொத்தான் வரிசை வைத்திருப்பான். அதனால் எழுத்துகள் இடது பக்கம் ஒதுங்கிவிடும். மடியில் வைத்துத் தட்டும்போது உடம்பைக் கொஞ்சம் திருப்பி உட்கார வேண்டும். பி.காம் படிக்கிற பிள்ளை என்றால் அந்தப் பொத்தான்கள் உதவும். இவள் புரோகிராம் எழுதப்போகிறவள்.

செல்லையா: சின்னத் திரையில் எழுத்தெல்லாம் பாதியில் வெட்டிப்போகாதா?

முத்து: போகாது. சாதாரண 14 இன்ச்சிலும் 15.6-லும் திரையில் அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080 புள்ளிதான். அதே பக்கம் அப்படியே தெரியும், எழுத்து ஒரு நூல் சின்னதாக இருக்கும். சில 14 இன்ச் மாடல்களில் 1920-க்கு 1200 வருகிறது. உயரம் கூடுதல். புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இன்னும் சில வரிகள் சேர்ந்து தெரியும்.

செல்லையா: எனக்கு அந்த எழுத்து தெரியாதே.

முத்து: நீங்களா பரீட்சை எழுதப்போகிறீர்கள்?

செல்லையா: பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிறாளா என்று பார்க்க வேண்டாமா?

முத்து: அதற்கு எழுத்து எதற்கு, முகத்தைப் பார்த்தாலே போதும். வீட்டில் பெரிய திரை வேண்டுமென்றால் ஒரு ஹெச்டிஎம்ஐ கேபிள் வாங்கி டிவியில் மாட்டிக்கொள்ளட்டும். உங்கள் வீட்டில் 32 இன்ச் இருக்கிறதே.

செல்லையா: ராத்திரி எட்டு மணிக்கு டிவியைப் பிடுங்குவதை உன் அக்காவிடம் நீயே சொல். நான் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்துச் சொல்.

முத்து: சரி, டிவியை விடுங்கள். 14 இன்ச், ஒன்றரைக் கிலோவுக்குள். டைப் சி சார்ஜர். பாட்டரி எத்தனை மணி நேரம் என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பக் கூடாது. திரை வெளிச்சத்தைக் குறைத்து வைத்து அளந்திருப்பான். வகுப்பில் எல்லாப் பிள்ளைக்கும் பிளக் கிடைக்காது. இதுதான் செல்விக்குச் சரியான அளவு.

செல்லையா: நீ சொல்வதெல்லாம் நியாயமாகத்தான் இருக்கிறது. சின்னது என்றால் விலையும் குறையும், உனக்கும் நல்லது.

முத்து: அதுதான் இல்லை அத்தான். அதே ப்ராசசர், அதே ரேம் என்றால் 14 பெரும்பாலும் சில ஆயிரம் கூடத்தான் வரும்.

செல்லையா: துணி குறைவு, கூலி அதிகமா?

முத்து: நீங்கள் லைனிங் ஜாக்கெட்டுக்கு எவ்வளவு வாங்குகிறீர்கள்? சட்டையைவிடக் குறைத்தா?

(செல்லையா பதில் சொல்லாமல் டேப்பைச் சுருட்டுகிறார். சுருட்டும்போதே அவர் முகத்தில் ஒரு வெளிச்சம்.)

செல்லையா: சரி மாப்பிள்ளை, நீ ஜெயித்துவிட்டாய். 14 இன்ச்சையே எடுத்துவிடு.

முத்து: எடுத்துவிடுவோ... (நிறுத்துகிறார்) இல்லை அத்தான், 15.6-ஐயும் ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது.

செல்லையா: தோளுக்கு ஆகாது என்றாயே?

முத்து: வயசுப் பிள்ளைதானே, ஒரு 300 கிராம் என்ன செய்துவிடும்? அந்த எண் பொத்தான்களும் உதவும். வீட்டுக் கணக்கு எழுதலாம்.

செல்லையா: வீட்டுக் கணக்கை உன் அக்கா தினசரி காலண்டரில் எழுதுகிறாள். செல்வி உடம்பைத் திருப்பி உட்கார்ந்து இடுப்பு வலி வந்தால் யார் பார்ப்பது?

முத்து: மேசை போட்டுக் கொடுத்தால்...

செல்லையா: பஸ்ஸில் எங்கே மேசை போடுவது? நீ படித்தவன், முதலில் சொன்னதே சரி. 14 இன்ச், 16 ஜிபி, அந்த 1200 புள்ளி உள்ளது. கூட வருகிற சில ஆயிரத்தைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன்.

முத்து: நீங்கள் ஏன் அத்தான் கவலைப்படப் போகிறீர்கள்?

செல்லையா: பையும் வேண்டுமே?

முத்து: (அவசரமாக) பை லேப்டாப்போடு இலவசமாகவே தருவார்கள்.

செல்லையா: அது 15.6-க்குத் தைத்த பையாக இருக்கும். 14 உள்ளே கிடந்து ஆடும். வேண்டாம், பையை நானே தைக்கிறேன். கூலி வாங்க மாட்டேன்.

முத்து: ரொம்ப நன்றி அத்தான்.

செல்லையா: துணி, ஸ்பாஞ்ச், ஜிப், இரண்டு பக்கிள். சாயங்காலம் வரும்போது எடுத்துக்கொண்டு வந்துவிடு.