எம்.க்யூ.ஏ. கேட்டதா, நீங்கள் கேட்டதா?

சுங்கை சிப்புட்டில் ஒரு பயிற்சி ஆசிரியைக்கு மேற்பார்வையாளர் புள்ளி வெட்டியதைப் பற்றி இரண்டு நாளாக ஆளுக்கொன்று பேசுகிறீர்கள். பயிற்சிக்கு வந்த அந்தப் பிள்ளை அழுதபோது, அவளுக்கு வழிகாட்டி ஆசிரியராகப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் நான்.

தோட்டப் பள்ளி. மூன்றாம் ஆண்டில் நாலு பேர், நான்காம் ஆண்டில் மூன்று பேர், ஒரே அறை. நன்றாகத்தான் நடத்தினாள். மேற்பார்வைக்கு வந்தவர் 'குழு நடவடிக்கை போதாது' என்று புள்ளியை வெட்டினார். ஏன் என்று கேட்டேன். "எம்.க்யூ.ஏ. கேட்கும், டீச்சர்" என்றார். உயர்கல்விப் படிப்புகளின் தரத்தைப் பார்த்து அங்கீகாரம் தரும் மலேசிய அமைப்பைச் சொல்கிறார்.

எம்.க்யூ.ஏ. கேட்காது ஐயா. 2007-இல் தொடங்கிய அந்த அமைப்பின் நெறிமுறை ஏழு துறைகளைப் பார்க்கிறது: பாடத்திட்டமும் கற்பித்தலும், மதிப்பீடு, மாணவர் தேர்வு, விரிவுரையாளர், வளங்கள், நிர்வாகம், தொடர் மேம்பாடு. ஒரு பாடத்துக்கு எத்தனை குழு என்ற கணக்கு அதில் இல்லை. உங்கள் கையிலிருந்த மதிப்பீட்டுப் பாரம், அந்தப் படிவம், நீங்களே தயாரித்தது. அதைத் தரநிலை என்று சொல்லிப் பிள்ளைகளை மிரட்டாதீர்கள்.

"அப்படியானால் தரமே வேண்டாமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டும். கண்டவனும் வகுப்பெடுக்க வந்தால் முதலில் அடிபடுவது தோட்டத்துப் பிள்ளைகள்தான். அதனால்தான் இவ்வளவு வயிறு எரிகிறது. 150 பேருக்குக் குறைவான தமிழ்ப்பள்ளிகள் இந்நாட்டில் எத்தனை! கூட்டு வகுப்பு நடத்தத் தெரியாத ஆசிரியரை அங்கே அனுப்பினால் அது என்ன தரம்? "மேற்பார்வையாளருக்கும் வேலைப் பளு" என்கிறார் இன்னொருவர். இருக்கட்டும். எங்களுக்கு இல்லையா?

1996-இல் நானும் பயிற்சிக்குப் போனேன். செம்பனைக் காட்டுக்குள் பள்ளி. இரண்டு வகுப்புக்கு ஒரே கரும்பலகை. நான் திணறுவதைப் பார்த்த என் விரிவுரையாளர் எழுந்து வந்து, சுண்ணக்கட்டியால் பலகையின் நடுவே ஒரு கோடு கிழித்தார். "இந்தப் பக்கம் எழுதப் போடும்மா, அந்தப் பக்கம் வாயால நடத்து." அவ்வளவுதான். இன்றைக்கும் அந்தக் கோட்டை வைத்துத்தான் பிழைக்கிறேன். அவர் கையிலும் பாரம் இருந்தது. ஆனால் முதலில் வகுப்பைப் பார்த்தார்.

இந்தப் பிள்ளைக்கு யார் கோடு கிழித்தார்கள்? பாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு காரேறிப் போனார்கள். அவள் கழிவறையில் முகம் கழுவிவிட்டு, மணி அடித்ததும் அடுத்த பாடத்துக்குப் போனாள்.

நேற்றிரவு அடுத்த வாரப் பாடத்திட்டத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாள். ஏழு பேரை நாலு குழுவாகப் பிரித்திருக்கிறாள். நாலாவது குழுவில் ஒரே ஒரு பையன்.