மண்ணைக் கேட்காமல் தூவும் மருந்து

மாமனார் வீடு வேதாரண்யம் பக்கம். மணல் பூமி, பத்துப் பதினைந்து அடியிலேயே தண்ணீர். மல்லிகைக் கொல்லைக்கும் குடிதண்ணீர்க் கிணற்றுக்கும் நடுவில் இருபது தப்படிகூட இல்லை. போன ஐப்பசியில் பூச்சிக்கான குருணை மருந்து தூவிய மறுநாளே நல்ல மழை. "நல்லதாப் போச்சு மாப்பிள்ளை, மருந்து வேருக்கு இறங்கிடும்" என்றார் மாமா. வேரோடு நின்றுவிடுமா, கிணற்றுக்கும் போய்விடுமா என்று எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை.

நான் கோவில்பட்டிக் கரிசலில் வளர்ந்தவன். ஈரக் கரிசலில் தண்ணீர் இறங்க நாளாகும். அதற்குள் மருந்து களியிலும் மட்கிலும் ஒட்டிக்கொள்ளும், நுண்ணுயிர்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைக்கும். (கோடையில் நிலம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது முதல் மழை அந்த வெடிப்பு வழியே நேராகக் கீழே போய்விடும். ஆகவே எங்கள் ஊர்க்காரர்களும் கவனமாக இருக்க வேண்டும்.) மணலிலோ பிடித்துவைக்கக் களியும் இல்லை, மட்கும் இல்லை.

மருந்தின் குணமும் சேர்ந்துகொள்கிறது. குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து ஒரு லிட்டர் தண்ணீரில் 1 அல்லது 2 மில்லிகிராம்தான் கரையும், மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். குருணையாக வரும் கார்போபியூரான் 300 மில்லிகிராமுக்கு மேல் கரையும், மண்ணில் ஒட்டாது. மணலில் மழைத்தண்ணீர் எங்கே போகிறதோ அங்கே அதுவும் போகும்.

இது வெறும் பயம் இல்லை. நியூயார்க்கை ஒட்டிய லாங் ஐலண்டிலும் இப்படித்தான் மணல் நிலம், ஆழமில்லாத நிலத்தடி நீர். அங்கே உருளைக்கிழங்குக்கு ஆல்டிகார்ப் என்ற பூச்சிமருந்தைக் குருணையாகப் போட்டார்கள். 1979-இல் கிணறுகளைச் சோதித்தபோது அது குடிதண்ணீரில் இருந்தது. 1,000-க்கும் மேற்பட்ட கிணறுகளில் அந்த மாநிலம் வைத்திருந்த அளவான லிட்டருக்கு 7 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தது. மறு வருடமே அங்கே அந்த மருந்தை நிறுத்தினார்கள். ஆனால் அமிலத்தன்மையுள்ள குளிர்ந்த நிலத்தடி நீரில் அது சீக்கிரம் சிதையாது. உள்ளே போனது பல வருடம் அங்கேயே கிடந்தது.

நம் ஊரில் மருந்து டப்பாவில் ஏக்கருக்கு இவ்வளவு என்று ஒரே அளவுதான் போட்டிருக்கிறது, கரிசலுக்கும் அதுதான், கடற்கரை மணலுக்கும் அதுதான். இதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 2015-இலிருந்து அரசு கொடுக்கிற மண்வள அட்டையில் அங்ககக் கரிமம் என்று ஒரு வரி இருக்கிறது, மண்ணில் மட்கு எவ்வளவு என்று அதை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். மாமாவிடம் கேட்டேன், பீரோவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். 'குறைவு' என்று அச்சிட்டிருந்தது. இப்படிச் சோதித்த அளவுகளை வைத்து உரம் எவ்வளவு என்று அந்த அட்டையிலேயே எழுதித் தருகிறார்கள். எந்த மருந்து இந்த மண்ணில் கிணறுவரை போகும் என்றும் அதே அட்டையில் எழுதித் தரட்டும். அப்புறம் மாமாவிடம் கிணற்றைச் சுற்றி நாலு வரிசைக்காவது குருணை வேண்டாம், மண்ணில் மட்கு சேரத் தொழுவுரம் போடுவோம் என்று சொல்லியிருக்கிறேன். யோசிக்கிறேன் என்றிருக்கிறார்.