மேலே ஏறித்தான் கீழே இறங்கணும்

நெல்லைக்கும் மெட்ரோ வேண்டும் என்று எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே சத்தம். எனக்கு அந்த ஆசை இல்லை. ஆனால் மெட்ரோக்காரர்களிடமிருந்து ஒரு படியை மட்டும் கேட்டு வாங்கி வரலாம் என்று தோன்றுகிறது.

போன மாசம் ஆச்சியைக் கூட்டிக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர் போய் இறங்கினேன். அத்தை வீடு வண்ணாரப்பேட்டையில். "நம்ம வண்ணார்பேட்டை அங்கயும் இருக்கால?" என்று ஆச்சி வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். எழும்பூரில் மெட்ரோ பிடித்து, சென்ட்ரலில் மாற வேண்டும்.

சென்ட்ரல் மெட்ரோ நிலையத்தில் இரண்டு வழித்தடங்கள், மண்ணுக்குள் ஒன்றன் அடியில் ஒன்றாக. நம்ம ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தைக் குழிக்குள் இறக்கி வைத்த மாதிரி. சென்னையில் 2015-லேயே மெட்ரோ ஓடத் தொடங்கினாலும் அது தூண் மேல்தான். பூமிக்குள் ஓடியது 2017 மே மாதம்; சென்ட்ரலுக்கு வந்தது 2018 மே 25. வண்ணாரப்பேட்டைக்கு 2019 பிப்ரவரி. இந்த நிலையங்களுக்கு முதலில் மண்ணுக்குள் கான்கிரீட் சுவரை இறக்கிவிட்டு, பிறகுதான் நடுவில் தோண்டுகிறார்கள். சுற்றியுள்ள கட்டடம் சரியாமல் இருக்க.

பிளாட்பாரத்தில் கூரை வரை கண்ணாடி. ஆச்சி உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். "ஏய்யா, ரயிலக் காணோம், வெறுங் கதவுல்லா நிக்கு?" ரயில் வந்து நின்றதும் இரண்டு கதவும் சேர்ந்து திறந்தன. தண்டவாளத்தில் யாரும் விழ முடியாது, ஏசி குளிரும் சுரங்கத்துக்குள் போகாது. ஜங்ஷனில் ரயில் வந்தால் என் சட்டையைப் பிடித்துக்கொள்கிற ஆச்சி, இங்கே எனக்கு முன்னால் ஏறிவிட்டாள்.

சரி, அந்தப் படி. எழும்பூரில் உள்ளே போகும்போதே ஆச்சி முணுமுணுத்தாள்: "கீழ போகணும்னுட்டு மேல ஏறச் சொல்லுதான்." தெருவில் ஓடுகிற மழைத் தண்ணீர் நிலையத்துக்குள் இறங்காமலிருக்க வாசலை உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். அவ்வளவுதான் சூட்சுமம்.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியதே, அந்த மாதிரி மழையை விடுங்கள். எங்கள் தெருவை ஒட்டிய ரயில்வே சுரங்கப்பாதைக்கு அரை மணி நேர ஐப்பசி மழை போதும். போன வருஷம் நடுவில் பைக் நின்று, சைலன்சரில் தண்ணீர் கொப்பளிக்க உருட்டிக்கொண்டு வந்தேன். வண்டி போகிற பாதைக்குப் படி கட்ட முடியாதுதான். இரண்டு வாயிலும் ஒரு மேடு, மேலே கூரை, அடியில் ஓடுகிற ஒரு மோட்டார். இதற்குமா திட்ட அறிக்கை?

மெட்ரோவுக்குக் கையெழுத்துக் கேட்டு லிங்க் வந்திருக்கிறது. அந்த மோட்டாருக்கு யாராவது லிங்க் அனுப்புங்கள், முதல் கையெழுத்து என்னுடையது. இரண்டாவது ஆச்சியுடையது, கைநாட்டு செல்லுமென்றால்.