அந்த ஒரு வெள்ளியின் மீதியைக் கட்டியது யார்?

ஞாயிற்றுக்கிழமை நம் சுங்கை சிப்புட் மண்டபத்தில் அந்த ஐயா மேடையேறிப் பேசியதைக்கூட விட்டுவிடலாம். நம் ஆட்கள் அதற்குக் கைதட்டினார்களே, அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வீடியோ எல்லா வாட்சாப் குழுவிலும் சுற்றிவிட்டது, முழுக்கச் சொல்லத் தேவையில்லை. "ஒரு வெள்ளி மருந்துக்குப் பழகிப்போய் நம்ம ஜனம் சோம்பேறியாயிடுச்சு. அரசாங்கம் எத்தனை காலத்துக்குத் தூக்கிச் சுமக்கும்? அவனவன் உடம்பு அவனவன் பொறுப்பு." இதைச் சொன்ன இடம் இலவச மருத்துவ முகாம். முன்வரிசையில் இருந்தவர்கள் ரத்த அழுத்தம் பார்க்க வந்த தாத்தா பாட்டிகள். பால்மரம் வெட்டியவர்கள், செம்பனையில் மருந்து அடித்தவர்கள், கங்காணிக்குப் பயந்து காய்ச்சலோடு வேலைக்குப் போனவர்கள். அவர்களை எதிரே வைத்துக்கொண்டு சோம்பேறி என்கிறார். பின்வரிசையில் கைதட்டுகிறார்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். மலேசியாவில் அரசாங்க கிளினிக்கில் மருந்துக்கு நாம் நீட்டுகிற அந்த ஒரு வெள்ளி, அதாவது ஒரு ரிங்கிட், தானம் கிடையாது. அதற்கு மேல் ஆகும் செலவை நம் பெற்றோரும் அவர்களைப் பெற்றவர்களும் எப்போதோ கட்டிவிட்டார்கள்.

ரப்பரும் ஈயமும்தான் இந்த நாட்டைத் தூக்கி நிறுத்தின என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம் இல்லையா? கப்பல் ஏறிய ரப்பருக்கு அரசாங்கம் ஏற்றுமதி வரி வாங்கியது. வெள்ளைக்காரன் காலத்திலும் சரி, சுதந்திரத்துக்குப் பின் வந்த ஆண்டுகளிலும் சரி, கஜானாவுக்கு வந்த பணத்தில் அது பெரிய பங்கு. விடியற்காலை இருட்டில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அந்த ரப்பரை வெட்டியது யார்? இன்றைக்கும் நாம் வாங்குகிற சாமானுக்குள் விற்பனை வரி இருக்கிறது, சேவை வரி இருக்கிறது. வருமான வரி கட்டாதவன் வரியே கட்டாதவன் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

"அந்தக் காலத்தில் தோட்டத்திலேயே ஆஸ்பத்திரி இருந்தது, துரைமார்தானே நடத்தினார்கள், அரசாங்கமா நடத்தியது?" என்று ஒரு பெரியவர் என் முந்தைய பதிவில் கேட்டிருந்தார். ஐயா, கோபித்துக்கொள்ள வேண்டாம். துரைமார் மனமிரங்கி நடத்தவில்லை. சட்டம் கட்டாயப்படுத்தியது. தொழிலாளிக்கு வீடு, தண்ணீர், மருத்துவம் தர வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டம் முதலாளியை நெருக்கியது. அந்தச் சட்டத்தைப் போட்டது அரசாங்கம். அதற்கும் முன்னால், 1901இல் கிள்ளானில் மலேரியாவில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தபோது சதுப்பு நிலத்தில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடிய வைத்தவர் மால்கம் வாட்சன் என்ற அரசாங்க டாக்டர். காய்ச்சல் அடங்கியது. கொசுவை ஒழிக்க எந்த இன்சூரன்ஸ் கம்பெனி வரும்? அவனவன் உடம்பு அவனவன் பொறுப்பு என்று அன்றைக்கு விட்டிருந்தால், நம்மில் எத்தனை பேருடைய தாத்தா பிழைத்திருப்பார்?

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள், ஆட்களைக் குத்தகைக்கு மாற்றினார்கள், லயங்கள் காலியாகின. தோட்டத்து ஆஸ்பத்திரிகளும் ஒவ்வொன்றாக மூடின. டவுனுக்கு வந்து மலிவு விலை வீட்டில் ஏறிய நம் ஜனத்துக்கு அப்புறம் யார் இருந்தார்கள்? அரசாங்க கிளினிக்தான் இருந்தது.

என் அம்மாவையே சொல்கிறேன். தோட்டத்தில் மருந்து அடிக்கிற வேலை. முதுகில் தொட்டி, கையில் குழாய், மூக்கில் கட்டியது ஒரு பழைய துண்டு. அடித்தது பாராகுவாட் என்ற களைக்கொல்லி. கை நகமெல்லாம் வெள்ளையாகிப் பிளந்து போகும். மூக்கில் ரத்தம் வரும். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெஸ்ஸரிடம் போனால் மாத்திரை கொடுத்து மறுநாள் வேலைக்கு அனுப்புவார். அந்த விஷத்தை இந்த நாட்டில் முழுக்கத் தடை செய்தது 2020 ஜனவரியில்தான். அம்மா ஓய்வு பெற்று எத்தனையோ காலம் கழித்து! அதுவரைக்கும் அதை வாங்கியவர்களும் விற்றவர்களும் லாபம் பார்த்தார்கள். அம்மாவின் நுரையீரலுக்கு இப்போது யார் பொறுப்பு? அவனவனா?

இன்று அம்மா அரசாங்க கிளினிக்கில்தான் மருந்து எடுக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாது. மருந்து கொடுக்கும் அந்த மலாய்ப் பெண் ஒவ்வொரு பொட்டலத்திலும் பேனாவால் சூரியன் வரைவாள், நிலா வரைவாள். காலை மாத்திரைக்குச் சூரியன், ராத்திரி மாத்திரைக்கு நிலா. சூரியனும் நிலாவும் இரண்டும் இருந்தால் இரண்டு வேளை. அம்மா ஒரு நாளும் மாற்றிப் போட்டதில்லை. அந்தப் பெண்ணுக்கு இதற்காகத் தனிச் சம்பளம் யாரும் தரவில்லை.

சரி, அப்பா கதைக்கு வருகிறேன். இதை நான் முகநூலில் எழுதியதே இல்லை.

ராத்திரி நெஞ்சுவலி. அண்ணன் பதறிப் போய், சீக்கிரம் பார்ப்பார்கள் என்று ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொண்டு போனார். பெயர் வேண்டாம். முதலுதவி செய்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள், அதை நான் மறைக்க மாட்டேன். அப்புறம் எங்களைக் கவுண்டருக்குக் கூப்பிட்டார்கள். மேற்கொண்டு செய்ய வேண்டுமென்றால் டெபாசிட். அந்தப் பெண் தொகையை வாயால் சொல்லவில்லை. கால்குலேட்டரில் தட்டி, அதை அப்படியே எங்கள் பக்கம் திருப்பி வைத்தாள். அண்ணன் குனிந்து பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று மரியாதையாகத்தான் கேட்டாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவள் வேலை அது. அப்பாவின் உயிருக்கு ஒரு எண் இருந்தது, அந்த எண் எங்களிடம் இல்லை, அவ்வளவுதான்.

அங்கிருந்து அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே முதலில் கேட்ட கேள்வி, "வலி எப்போது ஆரம்பித்தது?" பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. வார்டில் கட்டில் நெருக்கம், மின்விசிறி சுற்றினாலும் புழுக்கம், அம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினார். எல்லாம் உண்மை. மூன்றாம் வகுப்பு வார்டு, ஒரு நாளைக்கு மூன்று வெள்ளி. வீட்டுக்கு அனுப்பும்போது பில்லைப் பார்த்துவிட்டு அம்மா கவுண்டரை விட்டு நகரவில்லை. கணக்கில் தப்பு இருக்கும், பிறகு வீட்டுக்கு ஆள் வந்து கேட்பார்கள் என்று பயம். மறுபடி பார்க்கச் சொல்லுடா என்று அண்ணனை இடித்துக்கொண்டே இருந்தார். அந்தக் குமாஸ்தா சிரித்துக்கொண்டே, சரியாகத்தான் இருக்கிறது மாக்சிக் என்றார்.

இதைத்தான் சோம்பேறித்தனம் என்கிறீர்களா?

இப்போது வரப்போகும் கேள்விகள் எனக்குத் தெரியும். "விடியற்காலை போய் நம்பர் எடுத்தால் மத்தியானம்தான் டாக்டரைப் பார்க்க முடிகிறது, ஸ்பெஷலிஸ்ட் தேதி மாதக்கணக்கில் தள்ளிப் போகிறது, இதையா பாராட்டுகிறாய்?" பாராட்டவில்லை. நானும் அந்த வரிசையில் நின்றவள்தான். ஆனால் வரிசை ஏன் நீளுகிறது? அரசாங்கம் அதிகம் செய்வதாலா, போதாமல் செய்வதாலா? 2016 கடைசியிலிருந்து புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். நிரந்தர வேலை கிடைக்குமா, ஸ்பெஷலிஸ்ட் படிப்புக்குப் போக முடியுமா என்று தெரியாமல் அந்தப் பிள்ளைகள் தவித்தார்கள். 2021 ஜூலை 26 அன்று, கோவிட் உச்சத்தில் இருந்தபோது, கறுப்பு உடை போட்டுக்கொண்டு வெளிநடப்பு செய்தார்களே, மறந்துவிட்டதா? பலர் சிங்கப்பூருக்கும் வேறு ஊர்களுக்கும் போய்விட்டார்கள். ஆள் இல்லாத கவுண்டரில் வரிசை நீளத்தான் செய்யும். அதற்கு மருந்து ஆள் போடுவது. கவுண்டரை மூடுவது அல்ல.

"பணத்துக்கு எங்கே போவது?" 2025 பட்ஜெட்டில் சுகாதார அமைச்சுக்கு 4,530 கோடி வெள்ளி. கேட்க மலையாகத் தெரிகிறது. ஆனால் 2023இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சுகாதார வெள்ளை அறிக்கையே பொதுச் சுகாதாரச் செலவை மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 5 விழுக்காட்டுக்குக் கொண்டு போக வேண்டும் என்கிறது. போதவில்லை என்று அரசாங்கமே ஒப்புக்கொள்ளும்போது, அதிகம் என்று நாம் ஏன் மேடையில் கத்த வேண்டும்?

"மெர்சிடிஸில் வருபவனும் ஒரு வெள்ளிதானே கொடுக்கிறான்?" கொடுக்கட்டும். அவன் வரியும் அதில் இருக்கிறது. அவனும் அதே பெஞ்சில் உட்கார்ந்தால்தான் மின்விசிறி கெட்டுப்போன மறுநாளே பழுது பார்ப்பார்கள்.

"இனிப்பைத் தின்று சர்க்கரை நோயை வரவழைத்துக்கொண்டவனுக்கு நான் ஏன் அழ வேண்டும்?" இதுதான் என்னை மிகவும் காயப்படுத்துவது, ஏனென்றால் இதைச் சொல்பவர்கள் எல்லாரும் நம்மவர்கள். 2019 தேசிய ஆய்வில் இந்தியப் பெரியவர்களில் நூற்றுக்கு 31 பேருக்குமேல் நீரிழிவு. நாட்டிலேயே நாம்தான் அதிகம். உண்மைதான், நம் டீயில் பால்டின் அதிகம், நம் விருந்தில் காய்கறி குறைவு. அதைச் சொல்லித் திருத்தவும் ஆள் வேண்டுமே. வருஷா வருஷம் ரத்தம் எடுத்துப் பார்த்து, கண்ணைப் பார்த்து, கால் பாதத்தைப் பார்த்து, புண் வந்தால் திட்டி அனுப்புகிற மிஸ்ஸி, அதாவது தாதி, எங்கே இருக்கிறாள்? அரசாங்க கிளினிக்கில். கிளினிக்கை ஓரங்கட்டினால் முதலில் கால் போவது நம் ஜனத்துக்கு.

அந்த ஐயா அடுத்து இன்சூரன்ஸ் பற்றிப் பேசினார். எல்லாரும் மெடிக்கல் கார்டு எடுத்துவிட்டால் அரசாங்கத்துக்குப் பாரம் குறையுமாம். 2024 கடைசியில் என்ன நடந்தது? பிரீமியம் ஒரேயடியாக எகிறியது. கார்டு வைத்திருந்தவர்கள் கட்ட முடியாமல் அலறினார்கள். டிசம்பரில் மத்திய வங்கியான பேங்க் நெகாரா உள்ளே வந்து, உயர்வைக் குறைந்தது மூன்று வருஷத்துக்குப் பரப்பிப் போடு என்று கம்பெனிகளிடம் சொல்ல வேண்டியிருந்தது. தனியார் சந்தை அதுவாகவே சரிப்படுத்திக்கொள்ளும் என்றவர்கள் அப்போது எங்கே போனார்கள்? யாரிடம் ஓடினார்கள்? கார்டு எடுக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முடிந்தவர்கள் எடுங்கள். ஆனால் அறுபது வயதைத் தாண்டிய, ஏற்கெனவே சர்க்கரையும் இருக்கிற என் அம்மாவுக்கு எந்த ஏஜெண்ட் கார்டு போட்டுக் கொடுப்பார்? அந்த ஐயா போட்டுக் கொடுப்பாரா?

பொது மருத்துவத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கைமாற்றப் பார்ப்பது புதிதல்ல. 2008 கடைசியில் தேசிய இருதய மருத்துவமனையை ஒரு பெரிய கம்பெனி வாங்கப் பார்த்தது. ஜனங்கள் சத்தம் போட்டதால் நின்றது. அரசாங்க ஆஸ்பத்திரிக்குள்ளேயே முழுக் கட்டணம் செலுத்தும் நோயாளி என்ற திட்டம் 2007இல் வந்தது. இப்போது சுகாதார அமைச்சின் ராக்கான் கேகேஎம் திட்டம். பணம் கட்டினால் சீக்கிரம் பார்க்கலாம், அந்த வருமானத்தில் ஸ்பெஷலிஸ்டுகளைத் தக்கவைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். நோக்கம் நல்லதாகவே இருக்கட்டும். ஒரே டாக்டர், ஒரே கட்டடம், இரண்டு வரிசை என்றால் எந்த வரிசை நகரும் என்று எங்களுக்குத் தெரியும். நம் சுங்கை சிப்புட்டிலேயே 2008 முதல் 2018 வரை நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த டாக்டர் ஜெயக்குமார் தேவராஜ் இதைப் பற்றி வருஷக்கணக்கில் பேசிவந்தார். அரசாங்க ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த நெஞ்சு நோய் மருத்துவர் அவர். கட்சி பிடிக்காதவர்கள்கூட அவர் பேச்சைக் கேட்ட ஊர் இது. அந்த ஊரில் இந்தக் கைதட்டல்.

பின்வரிசையில் கைதட்டியவர்களை எனக்குத் தெரியும். உங்களில் பாதிப் பேர் பிறந்தபோது தொப்புள்கொடியைப் பார்க்கத் தோட்டத்துக்கு மோட்டார் சைக்கிளில் வந்தவள் அரசாங்க மிஸ்ஸி. பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டதும் அரசாங்கம். 2021இல் தடுப்பூசி போட்டபோது உங்களிடம் யாராவது பணம் கேட்டார்களா? படித்து மேலே வந்துவிட்டீர்கள், கார்டு இருக்கிறது, சந்தோஷம், மனசாரச் சொல்கிறேன். உங்கள் அம்மாவும் ஒரு காலத்தில் கிளினிக் பெஞ்சில் உங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்தான். அவரைப் போன்ற ஒரு பாட்டி முன்வரிசையில் இருந்தார். நீங்கள் கைதட்டும்போது அவர் கிளினிக் புத்தகத்தை எடுத்துக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டார். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

அந்த ஐயாவின் பெயரைக் கேட்டு இன்பாக்ஸில் வராதீர்கள், சொல்ல மாட்டேன். அவர் தனிப்பட்ட முறையில் கெட்டவர் என்றும் நான் சொல்லவில்லை. மண்டபக் குழுவினருக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். அடுத்த முகாமுக்கும் அவரைத்தான் அழைக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அழையுங்கள். ஆனால் அவருக்கு முன்னால், நம் ஊரிலேயே ஓய்வுபெற்று இருக்கும் மிஸ்ஸிகளில் ஒருவருக்கு மைக்கைக் கொடுங்கள். முன்வரிசையில் இருப்பவர்களும் பேச வேண்டும் என்றால் பேச விடுங்கள். நேரம் இல்லை என்று சொன்னால், பொன்னாடை போர்த்துவதில் இரண்டைக் குறைத்துக்கொள்ளுங்கள்.