பார்க்லி நல்ல ஆட்டக்காரர், ஆனால் இரண்டாவது இடத்தில் எடுத்தது தவறு

ஏப்ரல் மாதம் வந்தால் அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் ரசிகர்களுக்குள் இந்தச் சண்டை தொடங்கிவிடும். அணிகள் வரிசைப்படி புது ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், பந்தோடு ஓடுகிற ரன்னிங் பேக் ஒருவரை முதல் பத்து இடங்களுக்குள் எடுக்கலாமா? எடுக்கக் கூடாது என்பதுதான் என் கட்சி. பந்தை இடுக்கிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்த்துத்தான் இந்த ஆட்டமே எனக்குப் பிடித்தது. அப்படியும் இதைச் சொல்கிறேன்.

சேக்வான் பார்க்லியை 2018-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் இரண்டாவது இடத்தில் எடுத்தது. முந்தைய ஆண்டு 16 ஆட்டங்களில் மூன்றை மட்டுமே வென்றிருந்த அணி. பார்க்லி ஏமாற்றவில்லை. முதல் ஆண்டிலேயே ஓடியும் பந்தைப் பிடித்தும் 2,028 யார்டு சேர்த்தார். சரி, அணி என்ன ஆனது? 5 வெற்றி, 11 தோல்வி. முன்னால் நின்று வழி திறக்க வேண்டிய லைனில் பலம் இல்லை. பந்து கைக்கு வரும்போதே எதிரணி ஆளும் வந்து நிற்பான். 2020-ல் இரண்டாவது ஆட்டத்திலேயே அவருக்கு முழங்கால் தசைநார் அறுந்தது. அங்கே இருந்த ஆறு ஆண்டுகளில் ஒரே ஒரு முறைதான் பிளேஆஃப், அதாவது கோப்பைக்கான கடைசிக் கட்ட ஆட்டங்களைப் பார்த்தார்.

அந்த டிராஃப்டில் ஆறாவதாகப் போனவர் குவென்டன் நெல்சன், லைனில் ஆடுகிறவர். ஏழாவது ஜோஷ் ஆலன், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துகிற குவார்ட்டர்பேக். நல்ல ரன்னிங் பேக்தான் வேண்டும் என்றாலும், ஜயன்ட்ஸின் அடுத்த முறை 34-ல் வந்தபோது நிக் சப் இன்னும் மிச்சம் இருந்தார். 35-ல் பிரவுன்ஸ் அணி அவரைக் கொண்டுபோனது.

அப்புறம் 2024. பார்க்லி பிலடெல்பியா ஈகிள்ஸுக்குப் போனார். டிராஃப்ட் இடம் எதையும் செலவழிக்காமல், மூன்று ஆண்டுக்கு 3.775 கோடி டாலர் கொடுத்து எடுத்தார்கள். ஜாக்சன்வில் அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஒருவரைச் சுற்றி ஏமாற்றிவிட்டு, அடுத்து வந்தவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் முதுகுப்பக்கமாகவே தாண்டிக் குதித்தாரே, அதை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை. அந்த சீசனில் 2,005 யார்டு ஓடினார். 28-வது பிறந்தநாள் அன்றே, லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் கோப்பை.

ஆள் அதே ஆள். ஒரு முழங்கால் அறுவை சிகிச்சை கண்டு, ஆறு வயது கூடியவர். மாறியது முன்னால் நின்றவர்கள். ஒரு பக்கம் லேன் ஜான்சன், 2013-ல் நான்காவது இடம் கொடுத்து எடுத்தவர். மறுபக்கம் ஜோர்டன் மைலாட்டா, ஆஸ்திரேலியாவில் ரக்பி ஆடிக்கொண்டிருந்தவர். பார்க்லி இரண்டாவதாகப் போன அதே 2018 டிராஃப்டில் அவர் 233-வது ஆள்! அமெரிக்கக் கால்பந்தே அதுவரை ஆடியதில்லை. அவரை உட்கார வைத்து ஆண்டுக்கணக்கில் கற்றுக்கொடுத்தார்கள்.

ஜமீர் கிப்ஸ் என்ற ரன்னிங் பேக்கை டெட்ராய்ட் அணி 2023-ல் 12-வது இடத்தில் எடுத்ததே, அது வீணா என்று கேட்பீர்கள். இல்லை. அங்கே சூவல், ராக்னோ, டெக்கர் என்று முதல் சுற்றில் எடுத்த மூன்று பேர் லைனில் ஏற்கெனவே நின்றார்கள். அந்த வரிசைதான் சரி. முந்தைய சீசனில் 4 ஆட்டம் மட்டுமே வென்ற ரைடர்ஸ் 2025-ல் ஆறாவது இடத்தில் ஆஷ்டன் ஜென்டி என்ற ரன்னிங் பேக்கை எடுத்தபோது எனக்குப் பயமாக இருந்தது அதனால்தான்.

என்னை இதில் உறுத்துவது ஆட்டக்காரரின் நிலைமை. முதல் சுற்றில் போனவரை நான்கு ஆண்டு ஒப்பந்தம் கட்டிப்போடும். அணி விரும்பினால் ஐந்தாவது ஆண்டு. அதற்கு மேலும், ஆளை வெளியே விடாமல் பிடித்துவைக்கிற ஃபிரான்சைஸ் டேக் என்று இன்னோர் ஆண்டு. பார்க்லிக்கு இந்த மூன்றுமே நடந்தது. ரன்னிங் பேக்கின் கால்கள் நன்றாக இருப்பதே அந்த ஆறு ஆண்டுகள்தான். தோற்கிற அணி அவற்றைத் தின்றுவிட்டு, வயதாகிவிட்டது என்று சம்பளத்தைக் குறைத்துப் பேசுகிறது. அடுத்த முறை லீகோடு பேச உட்காரும்போது, ரன்னிங் பேக்குகளுக்கு மட்டுமாவது முதல் ஒப்பந்தத்தை மூன்று ஆண்டாகக் குறைக்கச் சொல்லி ஆட்டக்காரர் சங்கம் கேட்க வேண்டும்.